வெண்முகப் பென்குயின் தனி இனமா?

கேள்வி: மஞ்சள் கொண்டையுள்ள பென்குயின்களின் இரண்டு படங்களைப் பார்த்தேன். ஒன்றின் முகம் வெள்ளை, மற்றதன் முகம் கறுப்பு. மற்றபடி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இவை ஒரே இனமா, வெவ்வேறு இனங்களா?

பதில்: வெள்ளை முகமுடையது ராயல் பென்குயின், கறுப்பு முகமுடையது மக்கரோனி பென்குயின். இரண்டும் கொண்டைப் பென்குயின்கள் அடங்கிய யூடிப்டஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்தின் மற்ற பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே தனித்தனி மஞ்சள் புருவக் கோடுகள் இருக்க, இவ்விரண்டுக்கு மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் இறகுகள் நெற்றியின் நடுவே ஒன்றுகூடிப் பின்னோக்கிச் சரிகின்றன. ராயல் பென்குயின் ஏறத்தாழ 70 செ.மீ. உயரமுடையது. தடித்த அலகு செம்பழுப்பு நிறத்திலும், அலகின் ஓரத்துத் தோல் இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

வகைப்பாட்டில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1876இல் ஓட்டோ ஃபின்ஷ் என்ற ஜெர்மானியப் பறவையியலாளர் ராயல் பென்குயினைத் தனி இனமாக விவரித்தார். ஹெர்மன் ஷ்லேகல் என்ற விலங்கியலாளரைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ஷ்லேகலி என்று பெயரிட்டார். ஆயினும் முகம் சாம்பல் நிறமாக மங்கிய ராயல் பென்குயின்களும் உண்டு. இரண்டும் கலந்து இனப்பெருக்கம் செய்வதும் பதிவாகியுள்ளது. மரபணு ஆய்வுகளும் இவற்றுக்கிடையே மிகச் சிறிய வேறுபாட்டையே காட்டுகின்றன. ஆகவே இதை மக்கரோனியின் துணையினமாகக் கொள்வோரும் உள்ளனர். நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கமே வலுவாகத் தோன்றும்.

ஆனால் வாழிடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மக்கரோனி, தெற்கு ஜார்ஜியா, குரோசே, கெர்கெலன் எனப் பல தீவுகளில் பரவியிருக்கிறது. ராயல் பென்குயினோ, டாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே சுமார் 1,500 கி.மீ. தொலைவிலுள்ள மக்குவாரி தீவிலும் அதையடுத்த சிறு தீவுகளிலும் மட்டுமே முட்டையிடுகிறது. செப்டம்பரில் கரையேறும் பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடி, இரண்டு முட்டைகள் இடுகின்றன. முதலில் இட்டது சிறியது. பெரும்பாலும் அது கைவிடப்பட, பின்னர் இட்ட பெரிய முட்டையே பொரிகிறது. எண்ணெய்க்காக இவற்றைக் கொன்று குவித்த தொழில் அத்தீவில் 1919 வரை நடந்தது. 1933இல் தீவு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. குஞ்சுகளை அச்சுறுத்திய எலிகளும், கூடமையும் சரிவுகளின் புல்வெளியை அழித்த முயல்களும் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. துணையினம் என்று வகைப்படுத்தினாலும், இனப்பெருக்கத்திற்கு ஒரே தீவுக்கூட்டத்தையே நம்பியிருக்கும் இப்பறவையைக் காப்பதில் மக்கரோனியின் பெருந்தொகையைக் காட்டி அசட்டையாக இருந்துவிட முடியாது.