பக்கவாதமும் தாவர மருந்துகளும்: வாசகர் கேள்விகள்

மஞ்சளில் உள்ள குர்குமினின் மாத்திரை பக்கவாதத்தில் மூளையைக் காக்குமா?

எலிகளில் காத்தது, மனிதரில் நிரூபணமாகவில்லை. விழுங்கிய குர்குமினைக் குடலும் கல்லீரலும் உடனே உருமாற்றிவிடுவதால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். மிளகின் பிப்பரினைச் சேர்த்தால் அந்த அளவு பல மடங்கு ஏறும். ஆனால் பிப்பரின் ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்தின் அளவையும் சேர்த்தே ஏற்றும், அதுதான் ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. சோதனை எலிகள் பெரும்பாலும் இளமையானவை, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதவை. சோதனைக்காக எலியின் ரத்தக்குழாயை அடைக்கும் முன்பே மருந்து கொடுத்த ஆய்வுகளும் ஏராளம். நோயாளியோ அடைப்பு வந்து மணிக்கணக்கான பிறகுதான் வருகிறார்.

மனிதரிடம் தேறிய தாவரச் சேர்மம் ஒன்றாவது இருக்கிறதா?

இருக்கிறது. செலரி விதையில் முதலில் கண்டறியப்பட்ட பியூட்டைல்ஃப்தலைடு. இப்போது செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். சீனாவில் பயன்பாட்டில் உள்ளது. 2023-இல் வெளியான சீன ஆய்வில் 1,216 பேர் கலந்துகொண்டார்கள். அறிகுறி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்ட அவர்கள் எல்லாருக்கும் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, கட்டியை அகற்றும் சிகிச்சையோ, இரண்டுமோ தரப்பட்டது. அதோடு 14 நாள் இந்த மருந்தை நரம்பு வழியாகவும், பிறகு 90-ஆம் நாள் வரை மாத்திரையாகவும் கொடுத்தார்கள். நல்ல நிலைக்குத் திரும்பியோர் 56.7 சதவீதம், போலி மருந்து பெற்றோரில் 44 சதவீதம். அடைப்பை நீக்கும் சிகிச்சையோடு சேர்த்துக் கிடைத்த பலன் இது. தனியாக இதே பலன் தரும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. செலரி சாப்பிட்டால் இந்த அளவு உடலில் சேராது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் மூலிகை மாத்திரை சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது, ரத்தக்கசிவு கூடலாம். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை நேர் எதிர்: கல்லீரலில் வார்ஃபரினை வேகமாகச் சிதைத்து, மீண்டும் ரத்தக்கட்டி உருவாக வழிவிடும். புதிதாகத் தொடங்கினாலும் திடீரென நிறுத்தினாலும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்தே ஆக வேண்டும்.

வாய் கோணும்போதே கஷாயம் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பிரினும் வேண்டாம், வந்திருப்பது அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரைகளையும், மூலிகை உட்பட, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.