கேள்வி பதில்: வாரநாளில் பள்ளிக்கூடம், சனி ஞாயிறில் இன்கா

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை நான். கோடை விடுமுறையில் பெரு நாட்டின் குஸ்கோவுக்குப் போய் ஐந்து வாரம் ஒரு கிராமப் பள்ளியில் தன்னார்வமாக ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. மச்சு பிச்சு, மற்ற இன்கா இடிபாடுகள் எல்லாவற்றையும் பார்க்க நேரம் கிடைக்குமா? ஸ்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது.

பதில்: காலம் சரியாகத்தான் அமைகிறது. அங்கே பள்ளிகள் மார்ச்சில் திறக்கும், மே மாதத்தில் மழையும் ஓய்ந்திருக்கும். ஆனால் ஸ்பானிஷ் தெரியாமல் போகாதீர்கள் அம்மா, இன்றே ஆரம்பியுங்கள். நான் போனபோது அரைகுறை ஸ்பானிஷோடு முதல் வாரம் முழுக்கப் பாட்டு, விளையாட்டு என்று வகுப்பை என் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஊர் ஆசிரியையின் பாடத்தைப் பின்தங்க வைத்தேன். அப்புறம்தான் அவருக்குத் துணையாக உட்காரப் பழகினேன். கிராமத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவது கெச்சுவா. அதில் ஒரு ஆச்சரியம், நம் ‘நாம்’, ‘நாங்கள்’ போலவே அவர்களுக்கும் நொகஞ்சிஸ், நொகய்கு என்று இரண்டு உண்டு; வினைச்சொல்லும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லாக வரும் ஆங்கில ‘we’யை அவர்களுக்கு விளக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

இடிபாடுகளுக்கு வருவோம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், ஊட்டியே 2,240தான். அதனால் முதல் இரண்டு நாள் எங்கும் ஏறாமல் சும்மா இருங்கள். மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430 மீட்டர்தான், அங்கே உயரம் அவ்வளவு தொந்தரவு தராது; அதைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். பல இடிபாடுகளுக்கும் சேர்த்துச் சுற்றுலாச் சீட்டு என்று ஒன்று விற்கிறார்கள், முழுச் சீட்டு 10 நாள் செல்லும், இறங்கிய அன்றே வாங்கி வீணாக்குகிறவர்கள் நிறைய. ஒரு சனிக்கிழமை வாங்கினால் இரண்டு வார இறுதிகள் அதற்குள் அடங்கிவிடும்: முதலில் சக்சய்வாமன், பிசாக், அடுத்த வாரம் ஒயன்தாய்தம்போ, மொராய். சக்சய்வாமனில் சாந்தே இல்லாமல் பல பக்கக் கற்களைப் பொருத்தியிருக்கும் அழகை அவசரமில்லாமல் பாருங்கள். எனக்குப் பிடித்தது ஒயன்தாய்தம்போதான், ஏனென்றால் அங்கே இன்கா காலத்துத் தெருக்களில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், ஓடைத் தண்ணீர் கல் வாய்க்காலில் ஓடுகிறது. மச்சு பிச்சுவுக்கு அந்தச் சீட்டு செல்லாது. தனியாக, நேரமும் பாதையும் குறித்த சீட்டை மாதக்கணக்கில் முன்பே வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கையில் இருக்கணும். நேராகப் பஸ் போகாது, பெரும்பாலும் ஒயன்தாய்தம்போவிலிருந்து ரயிலில்தான் போவார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு தன்னார்வலரை அனுப்பும் ஏற்பாடு என்றால், அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். சுற்றுலா விசாவில் இப்படிப் பாடம் நடத்தலாமா என்பதையும் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மூச்சு வாங்கினால் கோகா (கோகெய்ன் எடுக்கும் செடி) இலைத் தேநீர் தருவார்கள், அங்கே குடிக்கலாம். ஆனால் ஒரு பொட்டலம்கூட ஊருக்குக் கொண்டு வராதீர்கள், இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும்.