இணையத்தில் ஒரு சொந்த மனை
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றைப் பதினோரு ஆண்டுகளாக ஒரு சமூக ஊடகத்தில் எழுதி வருகிறேன். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டு, பள்ளிகளும் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த பிறகு, என் பழைய மாணவர்கள் அனுப்பிய படங்களையும் அங்கேதான் சேர்த்து வைத்தேன். சென்ற மாதம் ஒரு காலையில் என் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. மூன்று வாரம் மன்றாடிய பின் திரும்பக் கிடைத்தது. காரணம் இன்றுவரை சொல்லப்படவில்லை. சொந்தமாக ஓர் இணையத்தளம் வைத்துக்கொள்ளும்படி பேரன் சொல்கிறான். எழுபது வயதில் எனக்கு இது கைகூடுமா?
- ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: கைகூடும் ஐயா. ஆனால் அதற்கு முன், கணக்கு திறந்திருக்கும் இன்றைக்கே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். தாங்கள் இதுவரை பதிவிட்ட எழுத்தையும் படங்களையும் மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி, பெரும்பாலான சமூக ஊடகங்களின் அமைப்புகள் பகுதியில் இருக்கும். முகநூலில் கணக்கு வைத்திருக்கும் மற்ற வாசகர்களும் இதைக் கவனியுங்கள்: அங்கே பதிவிறக்கத்துக்கு எச்டிஎம்எல் (இணையப் பக்கமாகத் திறந்து படிப்பது), ஜேசன் (கணினி நிரல்களுக்கான தரவுக் கோப்பு) என்ற இரண்டு வடிவங்கள் காட்டப்படும்போது எச்டிஎம்எல் வடிவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேசன் கோப்பில் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகச் சிதைந்து வருவதுண்டு. அதைப் பார்த்துத் தங்கள் எழுத்தே அழிந்துவிட்டதாக எண்ணிக் கலங்கியவர்களை எனக்குத் தெரியும்.

லயத்து வீட்டைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாசலில் முருங்கை வைத்தோம், பின்புறம் கோழி வளர்த்தோம், மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தோம். ஆனாலும் வீடு தோட்டத்துடையதாகத்தான் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றிருந்த நம் பாட்டாளிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் துண்டாடலுக்கு விடையாகத்தான் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழிசெய்தார். நாம் இன்று எழுதிக்கொண்டிருக்கும் சமூக ஊடகங்களும் லயத்து வீடுகளே. வாடகை இல்லை, அக்கம்பக்கம் உண்டு, பேச ஆளுண்டு; இருந்தாலும் தோட்டம் கைமாறும் நாளில் நம் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் ஓயாமல் பயன்படுத்திய பிரெண்ட்ஸ்டர் என்னும் சமூக ஊடகம் 2009இல் ஒரு மலேசிய நிறுவனத்தின் கைக்கு வந்து, 2011இல் விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது, பயனர்கள் அதுவரை ஏற்றிவைத்திருந்த படங்களும் பதிவுகளும் நீக்கப்பட்டன. முன்னறிவிப்பு இருந்தது என்பது உண்மை. ஆனால் அதைக் கவனித்து எடுத்து வைத்தவர்களுக்குத்தான் அவை மிஞ்சின. அதற்கு முன்பே, 1994இல் தொடங்கி இலட்சக்கணக்கான மக்களுக்கு இலவசப் பக்கங்கள் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்துப் படியெடுத்ததால் அதன் ஒரு பகுதி இன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகத்தில் கிடைக்கிறது.

இனி, செய்யும் முறைக்கு வருகிறேன். இணையப் பக்கம் என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. கணினியில் உள்ள நோட்பேடைத் திறந்து, தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி என்று ஐந்தாறு எச்டிஎம்எல் குறிகளைக் கற்றுக்கொண்டால் பக்கம் ஆயத்தமாகிவிடும். இலக்கணம் கற்பித்த தங்களுக்கு இது ஒரு வாரப் பாடம். தமிழில் எழுதும் நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்க வேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதையே ஒரு வரியில் குறிக்க வேண்டும். தொண்ணூறுகளில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் தங்களிடம் இருந்தால், அவற்றை எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டு பிடிக்கும். ‘க’ 3 பைட்டு என்றால், ககரமும் இகரக் குறியும் சேர்ந்த ‘கி’ 6 பைட்டு. அப்படியிருந்தும் ஆயிரம் சொல் கொண்ட கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 2013இல் தொடங்கப்பட்ட நியோசிட்டீஸ் போன்ற தளம் இலவசமாகவே 1 ஜிகாபைட்டு தருகிறது. அதில் இத்தகைய கட்டுரைகள் 30,000 வைக்கலாம். இடத்தை விழுங்குவன படங்களே. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் மட்டுமே நூறு கட்டுரைகளின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், சிறிதாக்கிய படியைத் தளத்தில் ஏற்றி, மூலப்படியை வீட்டில் வையுங்கள்.

படங்களைப் பற்றி இன்னொரு வேண்டுகோள். பள்ளிப் படம், திருவிழாப் படம் ஒவ்வொன்றின் கீழும் தோட்டத்தின் பெயர், எத்தனையாவது டிவிஷன், ஆண்டு, இடமிருந்து வலமாக நிற்பவர் யார், யார் கையில் பால் வாளி, பின்னால் தெரிவது ஸ்டோரா ஆலயமா என்பதையெல்லாம் எழுத்தில் எழுதுங்கள். தேடுபொறி படிப்பது எழுத்தைத்தான். மூடிய குழுக்களில் இருக்கும் பதிவுகளை அது காண்பதே இல்லை. தாத்தா பால் வெட்டிய தோட்டத்தின் பெயரை ஒரு பேத்தி கோலாலம்பூரில் இருந்து தட்டச்சு செய்யும்போது, தாங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் அவளுக்குக் கிடைக்கும்.

டொமைன் எனப்படும் தளப்பெயர் ஒன்றைத் தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்ளுங்கள். ‘டாட் காம்’ பெயருக்கு ஆண்டுக்குச் சுமார் 50 முதல் 80 ரிங்கிட் ஆகும். முதலாண்டுச் சலுகையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதுவும் நிரந்தரச் சொத்து அன்று. நிலவரியைப் போல ஆண்டுதோறும் கட்டாவிட்டால் பெயர் கைவிட்டுப் போகும். தளத்தின் கோப்புகள் இருப்பதும் வேறொருவரின் வழங்கியில்தான் (‘சர்வர்’ எனப்படும் கணினியில்). ஆனால் பெயரும் கோப்புகளும் தங்கள் கையில் இருப்பதால், அந்த வழங்கி மூடப்பட்டால் ஒரே நாளில் வேறு வழங்கிக்குக் குடிபெயரலாம், வாசகர்கள் பழைய முகவரியிலேயே வந்து படிக்கலாம். கோப்புகளின் ஒரு படியைப் பேரனிடமும் கொடுத்து, பெயரைப் புதுப்பிக்கும் கடவுச்சொல்லையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. சமூக ஊடகம் வேண்டாம் என்றேன். தானே ஒரு தளம் அமைத்துக் காற்பந்து பற்றி எழுதுகிறான். இதை அனுமதிக்கலாமா?
- குடும்பத்தலைவி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக அனுமதியுங்கள் அம்மா. இரவெல்லாம் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கச் செய்யும் பொறி அங்கே இல்லை. தானே ஒன்றைக் கட்டி எழுப்பும் பழக்கம் வரும். முழுப்பெயர், பள்ளி, வீட்டு முகவரி, கைப்பேசி எண், அடையாள அட்டை எண் ஆகியவை மட்டும் தளத்தில் இருக்கக் கூடாது. கைப்பேசிப் படங்களுக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்திருக்கலாம். ஏற்றும் முன் அதை நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தோட்டப்புறத்தில் வசிக்கிறேன், கவிதை எழுதுவேன். என்னிடம் கணினி இல்லை, கைப்பேசி மட்டுமே உண்டு. சமூக ஊடகத்தில் ஒரு கவிதைக்கு இருநூறு பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள். சொந்தத் தளத்துக்கு யார் வரப்போகிறார்கள்?
- தோட்டப்புற வாசகி

பதில்: தங்கையே, தொடக்கத்தில் மிகச் சிலரே வருவார்கள். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இருநூறு பேரில் எத்தனை பேர் கவிதையின் கடைசி வரி வரை வந்தார்கள் என்பதையும், சென்ற ஆண்டு எழுதிய கவிதையை இன்று அவர்களால் தேடி எடுக்க முடிகிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள். சமூக ஊடகத்தை விட்டு வந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கவிதையை முதலில் உங்கள் தளத்தில் வெளியிட்டு, அதன் சுட்டியை (‘லிங்க்’) வாட்ஸ்அப் எனப்படும் புலனக் குழுவிலும் மற்ற இடங்களிலும் பகிருங்கள். மூலம் உங்களிடம் இருக்கட்டும்.

கைப்பேசி மட்டுமே போதும். 2003 முதல் வழக்கில் உள்ள வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் கைப்பேசியிலிருந்தே எழுதலாம். எழுதிய அனைத்தையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு பின்னர் வேறிடத்துக்கு மாறவும் முடியும். அதில் ஆர்எஸ்எஸ் ஓடை தானாகவே அமைந்திருக்கும். நீங்கள் புதிதாக ஒன்றை வெளியிட்டால், அந்த ஓடையைச் சேர்த்து வைத்திருப்பவரின் வாசிப்புச் செயலியில் அது நேர வரிசைப்படி வந்து நிற்கும். யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று இடையில் யாரும் முடிவு செய்வதில்லை. கூகுள் ரீடர் என்ற செயலி 2013இல் மூடப்பட்ட பிறகும் இந்த ஓடை வற்றாததற்குக் காரணம், அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது முறை என்பதே.

தளத்தில் ‘நான் வாசிப்பவர்கள்’ என்று ஒரு பக்கம் வைத்து, உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்களின் தளங்களுக்குச் சுட்டி கொடுங்கள். அவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதித் தெரிவியுங்கள். தொண்ணூறுகளில் ஒத்த ஆர்வமுடையவர்கள் தங்கள் தளங்களை ஒன்றோடொன்று கோத்து வளையமாக்கியது இப்படித்தான், இன்று பலர் அதை மீண்டும் கையில் எடுத்திருக்கிறார்கள். மேலே கேள்வி கேட்ட ஆசிரியர் ஐயாவின் தளமும் உங்கள் தளமும் ஆயத்தமானதும் இருவரும் முகவரியை எனக்கு அனுப்புங்கள்; ஒருவர் பக்கத்தில் மற்றவருக்குச் சுட்டி கொடுத்துத் தொடங்கிவிடலாம், மூன்றாவது சுட்டி என் தளத்திலிருந்து வரும்.