சிண்டிகேட் ஒப்புதல் மட்டும் போதுமா?

காட்பாடி வாசகர்: சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டட வேலை, கடைக் குத்தகை எல்லாம் யார் முடிவு? நாம் கேட்கலாமா?

பதில்: பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்தான் ஒப்புதல் தரும், ஆனால் கட்டட வேலைக்கு அது மட்டும் போதாது, 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி பொதுவாக விளம்பரம் கொடுத்து ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்க வேண்டும். தாராளமாகக் கேளுங்கள்! மாணவர்கள் கட்டும் பணமும் இதில் இருக்கிறதே. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, பணி ஆணை நகல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே எழுதுங்கள், பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறம், குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் பத்திரப்பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கினால் வாடகை எவ்வளவு, எத்தனை வருஷம் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.