இவருக்குப் பதில் இவர்: சீரியலில் நடிக்க விரும்பும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் சென்னைக்குப் போய் சீரியலில் நடிக்க வேண்டும் என்கிறாள். அந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து அவள் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, வேண்டாம் என்கிறாள். நான் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு யார் பக்கமும் நிற்காதீர்கள். இந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மூவரும் ஒன்றாக உட்கார்ந்து தெரிந்துகொள்ளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் பற்றி வழிசொல்லி வருகிறேன். நடிக்கப் போன பெண்கள் சிலர் இன்றும் என்னோடு பேசுகிறார்கள். அவர்கள் சொல்லித் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்களும் நானும் பல வருடமாக சீரியல் பார்க்கிறவர்கள். திடீரென்று ஒரு நாள் திரையில் ஒரு வரி வரும்: 'இவருக்குப் பதில் இவர்'. புது முகத்தைப் பார்த்து இரண்டு நாள் முணுமுணுப்போம், மூன்றாம் நாள் பழகிவிடுவோம். அந்த வரி வந்த நாளில் வேலை போன பெண் எங்கே இருந்தாள், அந்த மாத வாடகையை எப்படிக் கொடுத்தாள் என்று நாம் யோசித்ததே இல்லை. உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

சீரியல் நடிகைக்கு மாதச் சம்பளம் கிடையாது, நாள் கணக்குதான். ஒரு நாள் கால்ஷீட் என்றால் பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை. மேக்கப்புக்கு அதற்கு முன்பே போய் உட்கார வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்பதைக் கதையின் போக்குதான் தீர்மானிக்கும். கதாநாயகிக்கு மாதத்தில் இருபது நாளுக்கு மேலும் படப்பிடிப்பு இருக்கும். தங்கை, தோழி, நாத்தனார் என்றால் இந்த மாதம் பத்து நாள், அடுத்த மாதம் இரண்டு நாள். வியாழக்கிழமைதோறும் பார்வையாளர் அளவீட்டு நிறுவனமான பார்க் தன் வாராந்தரக் கணக்கை வெளியிடும். டிஆர்பி இறங்கினால் கதை திரும்பும். கதை திரும்பினால், நேற்று வரை வீட்டையே ஆட்டிவைத்த நாத்தனார் துபாய்க்குக் கிளம்பிவிடுவாள். பார்த்த வேலைக்கான பணமும் உடனே கைக்கு வராது, இரண்டு மூன்று மாதம் தள்ளி வருவது சாதாரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நடிக்கப் போனாள். கதாநாயகியின் தங்கை வேடம். பதினான்கு மாதம் நல்ல பெயர். கோயிலுக்குப் போனால் கூட்டம் கூடியது, கடைத்திறப்புக்கு அழைத்தார்கள். தவணையில் கார் வாங்கினாள். பிறகு கதையில் அந்தத் தங்கைக்குக் கல்யாணமாகி அவள் அமெரிக்கா போய்விட்டாள். அதன்பின் பதினொரு மாதம் இவளுக்கு ஒரு நாள்கூட வேலை இல்லை. கார் போயிற்று. அப்போது அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: "பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் அடையாளம் கண்டு செல்ஃபி கேட்கிறார்கள். ஆட்டோவில் போகக் காசு இல்லை." விட்ட பட்டப்படிப்பைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முடித்தாள், டப்பிங் பேசக் கற்றுக்கொண்டாள். இன்று நடிக்கவும் செய்கிறாள், நிம்மதியாகவும் இருக்கிறாள். ஆனால் அந்தப் பதினொரு மாதத்துக்கு அவளிடம் கையிருப்பு என்று எதுவும் இருக்கவில்லை. உங்கள் மகளுக்கும் அப்படிப்பட்ட மாதங்கள் வரும், ஒருமுறை அல்ல, பலமுறை.

இந்தத் துறையில் நிலைத்தவர்களைப் பாருங்கள். ராதிகா 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமானவர். 1999-இல் 'சித்தி' தொடங்கியபோது இருபது ஆண்டு சினிமா அனுபவம் அவர் பின்னால் இருந்தது, ராடான் என்ற சொந்த நிறுவனமும் இருந்தது. தன் பாத்திரத்தின் ஆயுளைத் தானே தீர்மானிக்கும் இடத்தில் அவர் இருந்தார். 2013-இல் 'வாணி ராணி'யில் இரட்டை வேடத்தில் கதாநாயகியாக வந்தபோது அவருக்கு வயது ஐம்பது. சினிமாவில் அந்த வயதுப் பெண்ணை மையமாக வைத்து எத்தனை கதை எழுதுகிறார்கள்? பெண்களுக்கு வயதான பிறகும் வேலை தரும் இடம் சின்னத்திரை. அதை நான் மனதாரச் சொல்வேன். தேவயானி 1996-இல் 'காதல் கோட்டை'யில் பெயர் பெற்றுவிட்டு, 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' தொடரில் ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளுக்கு மேல் நடித்தார்.

ஆனால் இவர்கள் இருவரும் ஏற்கெனவே பெயர் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். உங்கள் மகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் வேறு. பிரியா பவானி சங்கர் பொறியியல் படித்தார், புதிய தலைமுறையில் செய்தி வாசித்தார், பிறகு 'கல்யாணம் முதல் காதல் வரை' தொடரில் நடித்தார், 2017-இல் 'மேயாத மான்' படத்தில் கதாநாயகி ஆனார். ஊட்டியைச் சேர்ந்த வாணி போஜன் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2013-இல் தொடங்கிய 'தெய்வமகள்' அவரை வீடுவீடாகக் கொண்டுசென்றது, 2020-இல் 'ஓ மை கடவுளே' வந்தது. நடிக்க வருவதற்கு முன்பே இருவருக்கும் வேறொரு வேலை செய்யத் தெரிந்திருந்தது. மகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவள் இவர்களுடைய படங்களைத்தான் போனில் வைத்திருப்பாள்.

இனி நர்சிங் சீட். விருப்பமில்லாத பெண்ணை அதில் தள்ளாதீர்கள். நான்கு வருடம் வார்டு பயிற்சியோடு படிக்க வேண்டிய படிப்பு அது, ஆடிஷனுக்கு ஓடிக்கொண்டே அதை முடிக்க முடியாது. நோயாளிக்கும் மனம் ஒப்பி வருகிற செவிலியர்தான் வேண்டும். மூன்று வருடப் பட்டம் ஒன்றில் சேரட்டும், முடிந்தால் சென்னையிலேயே. விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. தமிழ் இலக்கியம், உளவியல், வணிகவியல் எதுவானாலும் சரி, நாடகக்குழு உள்ள கல்லூரியாகப் பாருங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்களின் நிகழ்ச்சிகளை அவள் நேரில் போய்ப் பார்க்கட்டும், பயிலரங்கு நடந்தால் சேரட்டும். பட்டம் கையில் இருந்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி, புனே திரைப்படக் கல்லூரி, டெல்லி தேசிய நாடகப் பள்ளி எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு படிக்கும் மாணவர்கள் குறும்படங்கள் எடுப்பார்கள். அவற்றில் நடிக்கக் கேட்டுப் போகச் சொல்லுங்கள். சம்பளம் வராது. ஆனால் கேமரா முன்னால் தன் முகம் என்ன செய்கிறது என்பதை மூன்றாம் ஆண்டுக்குள் தெரிந்துகொள்வாள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நம் தமிழ் சீரியல்களின் கதாநாயகிகளில் பலர் கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் வாயசைப்புக்குத் தமிழ் பேசுவது வேறு ஒரு பெண். செட்டில் உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லச் சொல்ல அதைப் பிடித்துத் திருப்பிச் சொன்னால் போதும் என்று பழகிவிட்டது. தஞ்சை மண்ணில் வளர்ந்த உங்கள் மகளுக்கு ழகரம் சுத்தமாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரணச் சொத்து இல்லை அம்மா. சீரியல்களில் நடித்த தீபா வெங்கட்டின் குரலைத்தான் நயன்தாராவின் பல படங்களில் நாம் கேட்டோம். முகத்துக்கு வேலை இல்லாத மாதங்களில் குரலுக்கு வேலை இருக்கும். டப்பிங் கலைஞர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு, அதன் உறுப்பினர் அட்டை வாங்குவதைக் கல்லூரி நாட்களிலேயே ஒரு இலக்காக வைத்துக்கொள்ளட்டும். நடிக்கத் தொடங்கியதும் சின்னத்திரை நடிகர் சங்கத்திலும் சேர வேண்டும். சம்பளப் பாக்கி என்று வந்தால் தனி ஒருத்தியாகப் போய்க் கேட்பதும் சங்கத்தின் வழியாகக் கேட்பதும் ஒன்றாகாது.

பணத்தைப் பற்றி அவள் அப்பாவோடு பேசுங்கள், கணக்கு அவருக்கு நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். சம்பளத்தில் பொதுவாகப் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும். செய்யாததால் அதை விட்டவர்கள் நிறைய. புடவை, ரவிக்கை, நகைச் செட்டுக்கு நடிகையே செலவழிக்க வேண்டிய சீரியல்களும் உண்டு. ஒரே புடவையில் திரும்பத் திரும்ப வர முடியாது. முதல் வருடம் வருகிற பணத்தில் ஆறு மாதச் செலவு சேரும் வரை கார், தவணை என்ற பேச்சே வேண்டாம். தங்குவதற்கு வளசரவாக்கம், விருகம்பாக்கம், சாலிகிராமம் பக்கம்தான் இந்தத் துறையினர் அதிகம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளையும் விசாரித்து வையுங்கள்.

ஏமாற்றுகிறவர்களை அடையாளம் காண ஒரே ஒரு விதி போதும். நடிக்க வைக்கிறவர் நடிகைக்குப் பணம் கொடுப்பார், வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பம், லுக் டெஸ்ட் செலவு என்று யார் எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். ஆடிஷன் பகலில், தயாரிப்பு அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும். ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னால் போகக் கூடாது, எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வேறு சேனலில் நடிக்கக் கூடாது என்ற நிபந்தனை எத்தனை மாதத்துக்கு, படப்பிடிப்பு இல்லாத மாதங்களிலும் அது செல்லுமா என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். நல்ல வாய்ப்பு பறிபோவது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான்.

அவள் அப்பா வாய்விட்டுச் சொல்லாத பயம் எது என்று எனக்குத் தெரிகிறது. அதை அற்பம் என்று ஒதுக்க மாட்டேன். 2017-இல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019-இல் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. மலையாள சினிமாவில் பெண்கள் என்னென்ன சகித்தார்கள் என்பது அதில் இருக்கிறது. யாரோ ஒரு குழு வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலிக்கும் ஒப்பந்த வேலைக்கும் பொருந்தும். படப்பிடிப்புத் தளமும், கம்பெனி அனுப்புகிற வண்டியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பணியிடம்தான். பத்துப் பேர் வேலை பார்த்தாலே உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதை அவளுக்கு மனப்பாடமாக்குங்கள். அதைவிட முக்கியம், எது நடந்தாலும் வீட்டில் சொல்லலாம் என்ற தைரியம் அவளுக்கு உங்களிடமிருந்து வர வேண்டும். 'இதற்குத்தான் அப்போதே சொன்னோம்' என்ற பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தின் கடைசியில், பத்து வயது இளையவளையும் குழந்தை நட்சத்திரமாக அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் இருபது சதவீதமாவது அவள் பெயரில் வங்கி வைப்பில் போட வேண்டும். சட்டம் இடம் கொடுக்கிறது, என் மனம் கொடுக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போகட்டும்.

பெரியவள் பள்ளி ஆண்டுவிழாவில் ஔவையார் வேடம் போட்டபோது அவள் அப்பா வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதாவது அவள் நடித்து அவர் இதுவரை பார்த்ததே இல்லை. இந்த வாரமே ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். மேக்கப் வேண்டாம், சினிமா வசனமும் வேண்டாம். நடிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று உங்கள் வீட்டில் நடந்த பேச்சை, அப்பா பேசியதை, நீங்கள் பேசியதை, தான் பேசியதை, மூன்று பேராகவும் அவளே மாறி மாறி நடித்துக் காட்டட்டும். முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் பார்த்த பிறகு எனக்கு அனுப்புங்கள். கல்லூரி விண்ணப்பங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மூவரும் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பி வாருங்கள், பேசுவோம்.