அஞ்சாவது படித்த அம்மாவுக்கு பாஸ்போர்ட்டும் விசாவும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம், ஐந்தாவது வரைதான் படிப்பு. ஜெர்மனியில் இருக்கும் அக்கா பிரசவத்துக்கு வரச் சொல்கிறாள். அம்மாவிடம் பாஸ்போர்ட்டே இல்லை. ஏஜென்ட் இல்லாமல் நாமே எல்லாம் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். 2024-ல் என் அம்மாவுக்கு இதே காரணத்துக்காக, இதே நாட்டுக்கு, நானே எடுத்தேன். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். தங்கச்சிக்கு நவம்பர் கடைசியில் பிரசவம் என்று தேதி சொன்னார்கள். நான் பிப்ரவரியிலேயே ஆரம்பித்தேன். அப்படியும் செப்டம்பர் வரை இழுத்தது. அதனால் நாள் தள்ளாதீர்கள்.

எல்லோரும் முதலில் பாஸ்போர்ட் வெப்சைட்டைத் திறப்பார்கள். நீங்கள் அதைத் திறக்க வேண்டாம். முதலில் உங்கள் அக்காவின் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் தாயார் பெயர் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உங்கள் அம்மா பெயர் ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பேங்க் பாஸ்புக் நான்கையும் தரையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் நான் அப்படி வைத்துப் பார்த்தபோது நான்கிலும் நான்கு பேர் இருந்தார்கள். ஆதாரில் முனியம்மா. ரேஷன் கார்டில் முனியம்மாள். பாஸ்புக்கில் முனியம்மாள்தான், ஆனால் நடுவில் 'ஒய்' எழுத்து இல்லை. வாக்காளர் அட்டையில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், அதாவது எங்கள் தாத்தா சின்னப்பன் பெயரின் எழுத்து. தங்கச்சியின் பாஸ்போர்ட்டில் இவை எதோடும் சேராத ஒன்று. அது பல வருடம் முன்பு ஒரு பிரவுசிங் சென்டரில் அவசரமாக அடித்தது. விசா கொடுக்கிறவருக்கு நம் அம்மாவைத் தெரியாது. இவர்தான் அந்தப் பெண்ணைப் பெற்றவர் என்று அவருக்குச் சொல்லப்போவது இந்தக் காகிதங்கள் மட்டும்தான். அதனால் மகளின் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கு அம்மாவின் காகிதங்களைக் கொண்டுவருவதுதான் சுலபமான வழி. வெளிநாட்டில் வேலையில் இருக்கிற பெண்ணின் பாஸ்போர்ட்டைத் திருத்தப் போனால் அவள் அங்கே தங்கும் அனுமதிவரை சிக்கல் நீளும்.

நான் போன வரிசை இது. முதலில் வாக்காளர் அட்டை. அதற்கு எட்டாம் எண் படிவம், செலவில்லை. திருத்தி வந்த அட்டையை ஆதாரமாக வைத்து ஆதாரில் பெயர் திருத்தம், அப்போது 50 ரூபாய். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். எனவே டைப் அடிக்கிறவரின் திரையை நீங்களே படித்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். ஆதார் சரியானதும் வருமான வரித்துறை தளத்தில் பான் இலவசமாகவே கிடைக்கும், பெயர் ஆதாரிலிருந்து அப்படியே வந்துவிடும். பாஸ்புக்கை பேங்கில் மாற்றிக்கொண்டோம்.

இனிஷியல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதணும். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம் பக்கத்தில் பலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். துபாய் வழியாகப் போகிற ஊர்களே நமக்கு அதிகம், எதற்கு வம்பு?

அம்மாவின் குடும்பப் பெயராக அப்பாவின் பெயரைப் போட முடிவு செய்தோம். அப்பா மாதப்பன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. படிவத்தை நிரப்பி, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பன் பேரும் என்கூட வருதா கண்ணு?" என்று கேட்டார். வருகிறது என்றேன். அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

அடுத்தது பிறந்த தேதியும் ஊரும். ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருந்தால் போதாது, முழுத் தேதி வேண்டும். 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பான், வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்று எல்லாம் ஏற்கிறார்கள். அம்மா படித்த தொடக்கப்பள்ளியின் ரெக்கார்டு ஷீட் டிரங்குப் பெட்டியில் மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து கிடந்தது. அதை லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போனோம்.

அந்த ஷீட்டில் மாவட்டம் தருமபுரி என்று இருந்தது. இது நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு வருகிற கேள்வி. அம்மா 1961-ல் பிறந்தபோது காவேரிப்பட்டணம் சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஊர் நகரவே இல்லை, மாவட்டம் மூன்று. பாஸ்போர்ட் படிவம் பிறந்த மாவட்டத்தைக் கேட்கும். நாங்கள் இப்போதைய மாவட்டமான கிருஷ்ணகிரியைப் போட்டோம். சேலம் அஞ்சலக பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் இருந்தவர் ரெக்கார்டு ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார், வருடத்தைச் சொன்னதும் தலையாட்டிவிட்டார். உங்களுக்கு பாலக்கோடு என்பதால் சேலமா தருமபுரியா என்ற இரண்டு மட்டும்தான். எதைப் போட்டாலும் விசா படிவம்வரை அதையே போடுங்கள்.

விண்ணப்பிக்க வேண்டிய தளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன் மட்டும்தான். அதே மாதிரித் தோற்றத்தில் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். அறுபது தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி, ஆகவே 1,350. எங்களிடம் ஒரு ஏஜென்ட் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் எட்டாயிரம் கேட்டார். போட்டோ கொண்டுபோக வேண்டாம், அங்கேயே எடுப்பார்கள். அசல் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

"பத்தாவது படிக்கலையே, ஈசிஆர் முத்திரை விழுமே" என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவார்கள். ஈசிஆர் என்றால் வேலைக்குப் போகும்முன் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அது கிடையாது. அதோடு அந்த முத்திரையே வளைகுடா, மலேசியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மகள் வீட்டுக்குப் போகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

கையெழுத்து தமிழில் போடலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கடைசி 'ள்' எப்போதும் கோட்டுக்கு வெளியே போய்விடும். ஒரு வாரம் மாலையில் அந்தச் சின்னக் கட்டத்தை நோட்டில் வரைந்து கொடுத்துப் பழக்கினேன்.

போலீஸ் வெரிஃபிகேஷனில் நாங்கள்தான் தப்பு செய்தோம். காவலர் வந்த அன்று அம்மா ராயக்கோட்டையில் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். மறுநாளே ஸ்டேஷனுக்கு அம்மாவைக் கூட்டிப்போய் விளக்கி, திரும்ப அனுப்பவைத்து முடிவதற்கு மூன்று வாரம் போயிற்று. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அம்மாவை ஊரைவிட்டு அனுப்பாதீர்கள். படிவத்தில் எழுதும் இரண்டு அக்கம்பக்கத்தாரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி விசா. ஜெர்மனிக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா. 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஊர் திரும்பும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். உங்களுடையது புதிது என்பதால் அந்தக் கவலை இல்லை.

உங்கள் அம்மாவுக்கு வருமான வரிக் கணக்கு இருக்காது, பேங்கில் பெரிய தொகையும் இருக்காது. அது தடையில்லை. உங்கள் அக்காவோ மாமாவோ அவர்கள் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில், செலவு முழுவதும் என் பொறுப்பு என்று கையெழுத்திட்டு ஒரு பத்திரம் வாங்க வேண்டும். ஜெர்மன் பெயர் ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங், கட்டணம் 29 யூரோ. அதன் அசலைக் கூரியரில் அனுப்பணும், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தணும். அதற்கு அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகும் என்பதால், இங்கே பாஸ்போர்ட் வேலை நடக்கும்போதே அக்காவை அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். இது கையில் இருக்கும்போது, யாரோ சொன்னார்கள் என்று கடைசி நேரத்தில் அம்மா கணக்கில் இரண்டு லட்சம் போடாதீர்கள். திடீரென்று வந்த பணம் இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும்.

அம்மா ஊருக்குத் திரும்பி வருவார் என்பதற்குத்தான் நான் அதிகம் உழைத்தேன். பட்டா, சிட்டா இரண்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு வைத்தேன். முகப்புக் கடிதத்தில் ஒரு பக்கத்துக்குள், எதற்குப் போகிறார், எத்தனை நாள், எங்கே தங்குவார், இங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று நேராக எழுதினேன். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய டாக்டர் கொடுத்த பிரசவத் தேதிக் கடிதம், பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழி எல்லாம் சேர்ந்தன. டிக்கெட்டுக்கு ரிசர்வேஷன் மட்டும், காசு கட்டியது விசா வந்த பிறகு.

ஷெங்கன் படிவத்தில் பிறந்தபோதிருந்த குடும்பப் பெயர் என்று ஒரு கேள்வி வரும். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய நம் அம்மாக்களுக்கு இடறுகிற இடம் அது. நாங்கள் தாத்தா பெயரைப் போட்டு, கடிதத்திலும் ஒரு வரி விளக்கினோம்.

சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போனோம். விசா மையத்தில் பத்து விரல் ரேகையும் எடுக்கிறார்கள். அம்மா முப்பது வருடம் கூலிக்குப் புளி தட்டியவர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஆதாரிலேயே கஷ்டப்பட்டது தெரியும் என்பதால், பத்து நாள் முன்பிருந்து புளிப் பக்கமே விடாமல், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவவைத்து, அன்று காலை சோப்புப் போட்டுக் கழுவித்தான் கூட்டிப்போனேன். அப்படியும் வலது கட்டைவிரல் நான்கு முறை பதியவில்லை. கவுன்டரில் இருந்த பெண் ஈரத்துணி கொடுத்து, "அம்மா, மெதுவா, அழுத்தாம வைங்க" என்று தன் கையை மேலே வைத்துப் பிடித்தார். ஐந்தாவது முறை பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் அம்மாவும் காட்டு வேலை செய்பவராக இருந்தால் இதை இப்போதே கவனியுங்கள்.

மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. ஸ்டிக்கரில் பெயர், பாஸ்போர்ட் எண் பார்த்தபின், தங்கும் நாட்கள் என்ற எண்ணைத் தனியாகப் பாருங்கள். 'முதல் - வரை' தேதிகளுக்கு நடுவே அதைவிட அதிக நாள் இருக்கும். ஆனால் தங்க அனுமதி அந்த எண்ணுக்குத்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். தங்கச்சி திரும்பும் டிக்கெட்டை 'வரை' தேதிக்குப் போட இருந்தாள், கடைசி நிமிடத்தில் மாற்றினோம்.

பெங்களூரிலிருந்து அம்மா தனியாகத்தான் போனார். டிக்கெட்டோடு வீல்சேர் கேட்டோம், அப்போது செலவில்லாமல் தந்தார்கள், வழி காட்டவும் ஆள் கிடைத்தது. தங்கச்சியின் முகவரி, போன் நம்பர், எத்தனை நாள், எதற்கு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதிக் கழுத்துப் பையில் வைத்தேன். அங்கே அதிகாரி கேட்டதும் அம்மா அந்தத் தாளை நீட்டியிருக்கிறார், அவ்வளவுதான். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையிலும் முகப்படம், கைரேகை எடுத்துக் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. அதையும் அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், பயந்துவிடக் கூடாது.

விசாவுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதம் அவர்களிடம் இருக்கும். அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் பொதுவாக ரேகை கேட்பதில்லை. அம்மா இப்போது மறுபடியும் புளி தட்டுகிறார். பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளாம், அடுத்த விசாவுக்கு எப்போது எழுதிப்போடப் போகிறாய் என்று வாரம் ஒரு முறை கேட்கிறார். உங்கள் அக்கா பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எதை முதலில் திருத்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.