அரைக் கிலோ கல்லுப்பு

கேள்வி: எனக்கு 24 வயது. திண்டுக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவள். போன ஆண்டு ஆவணியில் திருமணமாகித் திருச்செந்தூருக்கு வந்தேன். அதற்கு முன் கடலைப் பார்த்திருக்கிறேனே தவிர இறங்கியதில்லை. திருமணமான மறுவாரம் குடும்பத்தோடு கடலில் குளித்தோம். கரையேறிக் கால் மணி நேரத்தில் தாடை ஓரத்திலும் கழுத்திலும் கடுகு கடுகாகத் தடித்துச் சிவந்துவிட்டது, அரிப்பு தாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறைந்தது. அதன் பிறகு நான்கு முறை இறங்கினேன், நான்கு முறையும் அதே கதை. வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீரில் குளித்தால் ஒன்றும் வருவதில்லை. ஒரு டாக்டர் மீன் ஒவ்வாமை என்று சொல்லி மீன், இறால், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஆறு மாதமாகத் தொடவில்லை, தடிப்பு நின்றபாடில்லை. முருகன் சந்நிதிக் கடல் என்னை ஏற்கவில்லை, ஏதோ குறை இருக்கிறது என்று அத்தைக்கு மனத்தாங்கல். கண் பட்டிருக்கும் என்று ஒரு வெள்ளிக்கிழமை, வாளித் தண்ணீரில் அரைக் கிலோ கல்லுப்புப் பொட்டலத்தை முழுதாகக் கொட்டிக் கரைத்துத் தலைக்கு ஊற்றினார். அரை மணி நேரம் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது என்றார். அன்றும் தடித்தது. அதோடு அவர் சந்தேகம் உறுதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் 'எல்லாம் மனப்பிரமை' என்கிறார். நான் கடற்கரையில் வாழவே முடியாதா? பிறக்கப்போகும் குழந்தைக்கும் வருமா? வருகிற சஷ்டிக்கு என்ன காரணம் சொல்லிக் கடலைத் தவிர்ப்பது?
– பெயர் வெளியிட வேண்டாம், திருச்செந்தூர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனவர் உங்கள் அத்தைதான். கோபப்படாமல் மேலே படியுங்கள். மருத்துவமனையில் நான் செய்திருக்க வேண்டிய சோதனையை அவர் குளியலறையிலேயே செய்து முடித்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வீடுகளில் புழங்கும் பிளாஸ்டிக் வாளி 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ உப்பை அதில் கரைத்தால் லிட்டருக்கு 33 கிராம். கிட்டத்தட்டக் கடலையே வாளியில் கொண்டுவந்து உங்கள் தலையில் ஊற்றி, அரை மணி நேரம் கழுவவிடாமல் உட்கார வைத்திருக்கிறார். அந்த வாளியில் மீன் கிடையாது, பாசி கிடையாது, சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் கிடையாது. வெயிலும் இல்லை. அப்படியும் தடித்தது. அதே வீட்டில், அதே வாளியில், உப்பில்லாத தண்ணீரில் தினமும் குளிக்கிறீர்கள், தடிக்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எனக்கு இதுவரை எழுதியதில்லை.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை அறுதியிட்டுச் சொல்வது என் வழக்கமில்லை. ஆனாலும் என் ஊகத்தை மறைக்கப் போவதில்லை. நம் பாட்டிமார் இந்த மாதிரித் தடிப்பைக் காணாக்கடி என்பார்கள். கடித்தது கண்ணில் படாமல் தடிப்பு மட்டும் தெரிவதால் வந்த பெயர். மருத்துவத்தில் அர்டிகேரியா. உணவால், மருந்தால், குளிரால், வெயிலால், வியர்வையால் வருவதெல்லாம் இதில் உண்டு. தண்ணீர் பட்டாலே வருகிற வகைக்கு அக்வாஜெனிக் அர்டிகேரியா என்று பெயர். 1964-ல் ஷெல்லி, ரான்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை முதன்முதலாக எழுதினார்கள். அவர்கள் சொன்ன வகையில் எந்தத் தண்ணீரானாலும் தடிக்கும், சுடுநீரோ குளிர்நீரோ வேறுபாடு கிடையாது. பாவம், அது உள்ளவர்களுக்குத் தினக் குளியலே தண்டனை.

உங்களுடையது அதன் தங்கை. உப்புத் தண்ணீருக்கு மட்டும் தடிப்பது, உடம்பெல்லாம் பரவாமல் தாடை ஓரத்திலும் கழுத்திலும் நிற்பது, பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது, பருவ வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்குவது: இப்படி ஒரு கூட்டத்தை இத்தாலி, போர்ச்சுகல் நாட்டு மருத்துவர்கள் கவனித்து, இதைத் தனி வகையாகவே பிரிக்கலாமா என்று எழுதினார்கள். கடலில் இறங்கும் வரை தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. திண்டுக்கல்லில் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் நீங்கள் இருந்ததைப்போல.

உப்பு என்ன செய்கிறது? தோலின் மேலடுக்கில் தண்ணீர் ஊடுருவ உப்பு வழி செய்துகொடுக்கிறது, மயிர்க்காலைச் சுற்றியிருக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்தோ தோலிலிருந்தோ ஏதோ ஒரு பொருள் கரைந்து உள்ளே இறங்குகிறது, அங்கே காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் சீண்டப்பட்டு, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன என்பது ஊகம். அந்தப் பொருள் எது என்று இன்னும் யாரும் கையில் பிடித்துக் காட்டவில்லை. மயிர்க்காலைச் சுற்றித்தான் தடிக்கும் என்பதால்தான் உங்களுக்குக் கடுகு கடுகாக வந்தது. மயிர்க்காலே இல்லாத உள்ளங்கையில் வராது. கல்லுப்புப் போட்டு மீன் கழுவப் பயப்பட வேண்டாம்.

ஆம், மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் ஒவ்வாமை என்பது மீனைத் தின்றால் வருவது; அதற்குக் கடலில் போய் நிற்கத் தேவையில்லை. திருமணத்துக்கு முன் மீன் தின்று உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், ஆறு மாதம் ஒதுக்கியும் தடிப்பு நிற்கவில்லை என்றால், கருவாட்டின் மேல் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம். சாளையை வாங்கிக் குழம்பு வையுங்கள். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கவும் வேண்டாம். உங்கள் ரத்தத்திலும் கண்ணீரிலும் உப்பு இருக்கிறது. இந்தச் சண்டை முழுவதும் தோலின் வெளிப்பக்கத்தில் நடப்பது.

உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவரைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவி தன் தாயுடன் வந்தாள். கடலில் குளித்தால் கழுத்து தடிக்கிறது என்றாள். கழுத்தைப் பார்த்தேன், பளிங்குபோல இருந்தது. தேர்வு நேரத்துப் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அந்தத் தாய் ஒரு பழைய ஜூஸ் பாட்டில் நிறையக் கடல் நீரோடு வந்து என் மேஜையில் வைத்தார். "இப்போது பாருங்கள் டாக்டர்" என்றார். பஞ்சுத் துணியை நனைத்து மகளின் தாடையில் வைத்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். இருபது நிமிடம் கழித்துத் துணியை எடுத்தபோது வரிசையாகத் தடித்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

இந்த நோயில் உள்ள தொல்லையே இதுதான். நீங்கள் பஸ் பிடித்து மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் சாட்சி அழிந்துவிடும். அடுத்த முறை தடித்தால் உடனே கைபேசியில் படம் எடுங்கள். தண்ணீர் பட்ட நேரம், தடித்த நேரம், மறைந்த நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். பிறகு தோல் மருத்துவர் ஒருவரிடம் போங்கள். உடல் சூட்டளவில் உள்ள குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியை ஓர் இடத்தில் அரை மணி நேரம் வைப்பார். இன்னொரு நாள் அதே இடத்தில் 3.5 சதவீத உப்புக் கரைசலில் நனைத்த துணி. முதலாவதில் ஒன்றும் வராமல் இரண்டாவதில் தடித்தால் முடிந்தது. துணியைத் தாடையிலும் கழுத்திலும் வைக்கச் சொல்லுங்கள். முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடும். அலர்ஜி மாத்திரை எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் சோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய் சொல்லும்.

கூடவே ஐஸ் கட்டிச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். முன்கையில் ஐந்து நிமிடம் ஐஸ் வைத்து எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பது. குளிருக்குத் தடிக்கிற இன்னொரு வகை உண்டு. அது இருப்பவர் குளிர்ந்த நீரில் முழு உடம்போடு இறங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடக் கூடும். உங்கள் கதை அப்படி இல்லைதான். ஆனாலும் அது இல்லை என்று உறுதியாகும் வரை, கடலோ குளமோ, தனியாக நீந்தாதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், தலை சுற்றினாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். தூக்கத்தை வரவழைக்காத வகை ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகள்தான் முதல் படி. ஒரு மாத்திரைக்கு அடங்காவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். அந்த முடிவை மருந்துக்கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். கடலில் இறங்குவதற்கு முன் தாடையிலும் கழுத்திலும் பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகப் பூசினால் தண்ணீருக்கும் தோலுக்கும் இடையில் ஒரு திரை விழும். சிலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. ஒளிச் சிகிச்சை, ஓமலிசுமாப் ஊசி என்று மேலும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு நாலைந்து முறை கடலில் குளிக்கிற ஒருவருக்கு அவ்வளவு விலையுள்ள ஊசி எதற்கு? குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தால் மாத்திரை எழுதும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடற்கரையில் தாராளமாக வாழலாம். உப்புக்காற்று முகத்தில் படுவதும் உப்பு நீரில் முகம் நனைந்து கிடப்பதும் ஒன்றல்ல. நனைந்த சேலையோடு கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஈரத் துணி உப்பைத் தோலோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். குழந்தைக்கு வருமா என்ற கேள்விக்கு: பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. தண்ணீர்த் தடிப்பு சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள், அவை மிகக் குறைவு. இதற்காகக் குழந்தையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இடையில் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தடிப்பே இல்லாமல், எந்தத் தண்ணீரில் குளித்தாலும் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் அது வேறு விஷயம். அதுவும் வயதானவர்களாக இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு நோய் இப்படித் தலைகாட்டுவது உண்டு.

சஷ்டிக்கு என்ன காரணம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் எதற்குக் கற்பிக்க வேண்டும்? உள்ளதைச் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதித்தால், ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை, தாடைக்கும் கழுத்துக்கும் ஜெல்லி, இடுப்பளவு நீரில் நின்று ஒரு முழுக்கு, நேரே நாழிக்கிணறு. கடலில் குளித்தவர்கள் அடுத்து அங்கேதான் போகிறார்கள். கடலுக்கு அவ்வளவு அருகில் இருந்தும் கரிக்காத தண்ணீர். நெரிசலில் நாழிக்கிணற்றை எட்ட நேரமாகும் போலிருந்தால் கையோடு ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கரையிலேயே முகத்தையும் கழுத்தையும் கழுவிக்கொள்ளுங்கள். அதற்கும் மனம் இடம் கொடுக்காவிட்டால், கால் நனைத்து இரண்டு சொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு சந்நிதிக்குப் போங்கள். முடியாதவர்களும் முதியவர்களும் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களை யாரும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மருத்துவரிடம் போகும் நாளில் உங்கள் வீட்டுக்காரரோடு அத்தையையும் அழைத்துச் செல்லுங்கள். குறை கண்டுபிடிக்க அல்ல, சாட்சி சொல்ல. எத்தனை லிட்டர் வாளி, எவ்வளவு உப்பு, எத்தனை நிமிடம் என்று மருத்துவர் கேட்கும்போது அவரே பதில் சொல்லட்டும். துணியை எடுக்கும்போதும் அவர் பக்கத்தில் இருக்கட்டும்.